வாபஸ் சார்

எங்கள் ஊர் மைதானத்தில் விசில் அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டால் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். முதல் விசில் ஆட்டக்காரன் செய்த தப்புக்கு. இரண்டாவது, நடுவர் தானே செய்த தப்புக்கு.

விசிலை வாயிலிருந்து எடுப்பார். உள்ளங்கையைத் தன் மார்பின் மேல் வைப்பார். திடலின் நான்கு மூலைக்கும் கேட்கிற மாதிரி, "என் தப்பு. வாபஸ்" என்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கூடைப்பந்து ஆடுகிற எவனும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எதிரில் வாபஸ் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் வாபஸ்.

ஒல்லி உடம்பு. சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கிய கேன்வாஸ் ஷூ. மற்ற நடுவர்கள் விசிலை ஷூ லேஸில் கட்டித் தொங்கவிடுவார்கள். இவர் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலைத் திரித்துக் கயிறாக்கியிருந்தார். வேலை, நெசவாளர் சங்கம் ஒன்றில். தறியிலிருந்து அறுத்து வரும் புடவைகளை ஜன்னலோர மேசையில் விரித்து, எங்காவது இழை விட்டிருக்கிறதா, ஜரிகை அறுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். பகலெல்லாம் அடுத்தவன் தப்பைத் தேடுகிற ஆள், சாயங்காலம் தன் தப்பைத் தேடிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ஆட்டம் சுமார், ஆனால் விதிப் புத்தகம் முழுக்க மனப்பாடம். அதனால் ஸ்கோர் மேசை எனக்கு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோலுக்கும் நம்பரை எழுதி வட்டம் போடுவதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவரை முதன்முதலில் சரியாகக் கவனித்தது ஓர் அரையிறுதி ஆட்டத்தில். இடித்தவனுக்கு ஃபவுல் கொடுத்தார், சரி. ஆனால் இடிபட்டவன் பந்தைக் கூடைக்கு எறிகிற நிலையில் இல்லை. கோட்டில் நின்று தடையில்லாமல் எறிகிற ஃப்ரீ த்ரோ கிடையாது, பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட்டிருக்க வேண்டும். இவர் அவசரத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்துவிட்டார். இரண்டும் விழுந்தன. ஆட்டம் ஓடியது. எவனும் கேட்கவில்லை. பந்து வெளியே போய் நின்றதும் மேசையைப் பார்த்தார், யோசித்தார், மறுபடி விசில். உள்ளங்கை மார்புக்குப் போனது. இரண்டு பாயின்ட்டும் வாபஸ்.

கூட்டத்திலிருந்து ஒருவன், "யோவ், போட்ட கோலை வாங்கிக்கினியே, வூட்டுக்கு வந்தா சாப்ட சோத்தையும் வாங்குவியா?" என்றான். மைதானமே சிரித்தது. பாயின்ட்டை இழந்த கேப்டன் சிரிக்கவில்லை. மூக்குக்கு நேரே வந்து நின்றான்.

"சார், நீங்கதான குடுத்தீங்க?"

"நான்தான்பா குடுத்தேன். எனக்குச் சொந்தமில்லாததை எடுத்துக் குடுத்துட்டேன்."

ஆட்டம் முடிந்து ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட வந்தவரிடம் நான் கேட்டேன்: "சார், ஒருத்தனும் கவனிக்கலயே. விட்டிருக்கலாமே?"

"கவனிச்சவன் ஒருத்தன் இருந்தானே."

"யாரு சார்?"

"நான்தான்பா" என்று சொல்லி, பேனாவை மூடிக் கொடுத்தார்.

ஃப்ரீ த்ரோவில் நடக்கிற தப்புக்கு விதியில் ஒரு சலுகை உண்டு. கொடுக்கக் கூடாததைக் கொடுத்தாலும், கொடுக்க வேண்டியதை மறந்தாலும், அடி வாங்கியவன் எறிய வேண்டிய பந்தை வேறொருவன் எறிந்தாலும், கண்டுபிடித்தால் திருத்தலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. தப்புக்குப் பிறகு ஆட்டம் ஓடத் தொடங்கி, பந்து முதல் தடவை நின்று, மறுபடி ஓடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். தாண்டினால் தாண்டியதுதான், தப்பே சரியாகிவிடும். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். தப்புக்குக்கூட கடிகாரம் வைத்திருக்கிறானே என்று வியந்திருக்கிறேன். அவருக்கு அந்தக் கடைசிப் பகுதி பிடிக்காது. "எவனுக்கோ வீட்டுக்குப் போற அவசரம், அதான் அப்படி எழுதி வச்சிருக்கான்" என்பார். ஆனாலும் ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகும், பந்து முதல் தடவை நிற்கும்போது, புருவத்தை உயர்த்தி என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். எல்லாம் சரி என்று நான் தலையாட்டுவேன். ஆட்டம் ஓடும்.

மைதானத்துக்கு வெளியில் அவருக்கு எந்தக் கடிகாரமும் கிடையாது.

ஒருநாள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மூட்டை முடிச்சோடு வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் திருப்புட்குழிக்கு எந்த வண்டி என்று கேட்டது. இவர் கை காட்டினார். அவர்கள் ஏறினார்கள், வண்டி கிளம்பியது. பாதிக் காப்பியில் டம்ளரைக் கீழே வைத்தார். "அது மாகறல் போற வண்டிபா" என்றவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் நனைந்து திரும்பி வந்தார்.

"புடிச்சிட்டீங்களா சார்?"

"மூணாவது ஸ்டாப்புல புடிச்சேன். பெரியவருக்கு ஜன்னலோரம் எடம் கெடச்சிருக்குது. இறங்கச் சொன்னதுக்குத் திட்டிக்கினே இறங்குனாரு."

இன்னொன்று. சங்கத்தில் இரண்டு புடவைகளுக்கு நெசவாளர் பெயர்ச் சீட்டை மாற்றிக் கட்டிவிட்டார். இழை விட்டது ஒருவர் தறியில். நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியது வேறொருவர். மறுநாள் காலையில் இவர் அந்த நெசவாளரின் தெருவுக்கே போனார். நானும் கூட இருந்தேன். தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, வீட்டு ஆண்களும் பெண்களும் இருபக்கமும் நின்று இழை நீவிக்கொண்டிருந்தார்கள். இவர் நடுவில் நின்று, நேற்று தான் சொன்னது தப்பு, புடவையில் குற்றமில்லை, சீட்டு மாறிவிட்டது என்று உரக்கச் சொன்னார். நெசவாளருக்குக் கூச்சம். பாவிலிருந்து கையை எடுக்காமலே, "இத ஆள் வுட்டுச் சொல்லி இருந்தா போதாதா சார்? இன்னாத்துக்கு இம்மாந்தூரம்?" என்றார்.

"நேத்து உன்னை நாலு பேர் எதிர்ல சொன்னேன்பா. இங்கியும் நாலு பேர் இருக்குறாங்க."

திரும்பி வரும்போது எனக்கு அவர்மேல் மரியாதையும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால், நாம் சாதாரணமாக இருப்பதே குற்றம் போலத் தெரிய ஆரம்பிக்கிறது.

இனி அந்த இறுதி ஆட்டம்.

வெயிலுக்குப் பயந்து ஞாயிறு காலை ஏழு மணிக்கே வைத்திருந்தோம். எங்கள் அணிக்கு எதிராக ஓரிக்கைப் பையன்கள். பாலாற்று மணலில் கம்பம் நட்டு வளையம் மாட்டிப் பழகியவர்கள். மணலில் பந்து எழும்பாது. அதனால் தட்டாமல் கைக்குக் கை பாஸ் செய்தே ஆடக் கற்றிருந்தார்கள். சிமென்ட் தரையில் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது நடுவர் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. வாபஸ் சார் ஒருவராகவே ஓடிக்கொண்டிருந்தார்.

கடைசி மூன்று நிமிஷம். ஓரிக்கை ஒரு பாயின்ட் முன்னால். எங்கள் ஏழாம் நம்பர் கூடைக்கு எழும்பும்போது இடித்துத் தள்ளினார்கள். விசில். என் மேசையைப் பார்த்து விரல்களைக் காட்டி, "ஏழு. ரெண்டு த்ரோ" என்றார். நான் குறித்துக்கொண்டேன். அதே சமயம் தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. சாமி புறப்பாடு தாமதமாகி அப்போதுதான் எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது.

சாமி வரும்போது எங்கள் மைதானத்தில் எந்த ஆட்டமும் நிற்கும். அவர் பந்தை ஃப்ரீ த்ரோ கோட்டின் மேல் வைத்து, உருண்டு போகாமல் இரண்டு ஓட்டாஞ்சில்லை அண்டக் கொடுத்தார். ஷூவைக் கழற்றினார். எல்லாரும் வேலியோரம் போய்க் கை கூப்பி நின்றோம். ஏழாம் நம்பர் மட்டும் நிற்கவில்லை. எங்கள் தெருவில் முனையிலிருந்து குளக்கரை வரைக்கும் சாமிக்குத் தோள் கொடுப்பது அவன் வீட்டாருக்கு உரிய முறை. பனியனோடு ஓடிப் போய்த் பல்லக்குத் தண்டுக்கு அடியில் வலது தோளைக் கொடுத்தான்.

இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தான். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை. வலது கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. தண்டு அழுத்தி மரத்துப் போயிருந்தது. எங்கள் கேப்டன் அவனைப் பார்த்தான், பதினொன்றாம் நம்பரைப் பார்த்தான். பதினொன்றுக்கும் அதே உயரம், அதே விபூதி. ஏழின் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு நம்பரை மறைத்துக் கோட்டுக்குத் தள்ளிவிட்டான். வாபஸ் சார் ஷூ லேஸை முடிந்துகொண்டு நிமிர்ந்தார், ஓட்டாஞ்சில்லைத் தள்ளிவிட்டுப் பந்தை அவன் கையில் கொடுத்தார்.

பதினொன்று இடது கைக்காரன். இரண்டும் வளையத்தைத் தொடாமல் விழுந்தன.

நான் பார்த்தேன். மேசையிலிருந்து பத்தடி தூரம், காலை வெயில். பார்க்காமல் எப்படி இருக்கும்? ஷீட்டில் யார் நம்பரை எழுதுவது என்று பேனா ஒரு நொடி நின்றது. பதினொன்று என்று எழுதினால் தப்பு கையும் களவுமாக அகப்படும். ஏழு என்று எழுதி வட்டம் போட்டேன்.

ஆட்டம் ஓடியது. பந்து வெளியே போய் நின்றது. அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

ஒரு பாயின்ட்டில் கோப்பை எங்களுக்கு வந்தது. ஓரிக்கைக் கேப்டன் கை கொடுத்துவிட்டு, கூட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்களும் சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர்கள்தானே.

மறுநாள் காலை வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி.

"ஒண்ணுமில்லபா. ஒரு சந்தேகம். நேத்து சாமி போனப்புறம் அந்த ரெண்டு த்ரோ, யார் போட்டது?"

நான் வாயைக் கொப்பளிக்க நேரம் எடுத்துக்கொண்டேன். "ஏழு சார். நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா எடது கைல போட்ட மாதிரி எனக்கு ஞாபகம். பந்து எடது கைலேர்ந்து போவுது, நல்லாத் தெரியுது. ஏழு சோத்துக்கைதான?"

"சோத்துக்கைதான் சார் போட்டான். ஷீட்டு வேணா பாருங்க."

"ஷீட்டப் பாத்துட்டுதான்பா வரேன்." சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வராத ஆளை வந்துட்டுப் போனான்னு சொல்லுவாரு. அம்பது வயசுகூட ஆவல. அப்புறம் எங்களையே யாருன்னு கேட்டாரு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எழுதின மை அப்போதும் காயவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொய் எழுதினவன் என்று தெரிந்தால் அந்த நாற்காலி போய்விடும். அந்த நாற்காலி இல்லாமல் மைதானத்தில் நான் யார்? "தூக்கம் இல்லாம இருந்திருப்பீங்க சார்" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டினார். நான் மேசையிலிருந்து தலையாட்டினேனே, அதே மாதிரி.

அடுத்த போட்டிக்கு வேறு நடுவர் வந்தார். வாபஸ் சார் போட்டி நடத்துகிறவர்களிடம் தாமே போய், "நடக்காதது நடந்த மாதிரி எனக்குத் தெரியுது, இனிமே விசில் புடிக்கறது நியாயமில்ல" என்று சொல்லிவிட்டாராம். சங்கத்திலும் சொல்லிவிட்டார். தன் பார்வையைத் தானே நம்பாத ஆளிடம் எப்படிப் புடவையைக் கொடுப்பார்கள்? ஜன்னலோர மேசை இன்னொருவருக்குப் போனது. இவருக்குப் பின்கட்டில் புடவை மடித்து அட்டைப் பெட்டியில் வைக்கிற வேலை.

கேள்விப்பட்டதும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பரீட்சை வந்தது. பிறகு படிப்பு முடிந்து மெட்ராசில் வேலை. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அடுத்த முறை என்று தள்ளினேன். இப்படியே இரண்டு வருஷம் போனது.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முகம் மலர்ந்து, "உக்காருபா" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார். அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, நீ வந்தது நல்லதாப் போச்சு. யார்கிட்டயும் பேசமாட்டேங்கறாரு. சைக்கிளப் பூட்டிட்டு ஒரு தரம் இழுத்துப் பாப்பாரு. உள்ள வந்துட்டுத் திரும்பப் போய் இழுத்துப் பாப்பாரு. ஆபீசுல பொட்டியில பொடவைய வச்சுட்டு, வச்சேனான்னு தொறந்து தொறந்து பாக்கறாராம். டாக்டரு ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. அதக் கேட்டுட்டு இன்னும் பயந்துக்கினு இருக்காரு."

"ஏம்மா?"

"ஒண்ணும் இல்லாமயே இப்படின்னா, இன்னா ஆவும்னு கேக்கறாரு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் காப்பியைத் தொடவில்லை. தொட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது.

"சார், அன்னிக்கு அந்த ஃப்ரீ த்ரோ. போட்டது பதினொண்ணு. எடது கைதான். நான் பாத்தேன். பாத்துட்டுதான் ஏழுன்னு எழுதினேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தன் இடது கையைப் பார்த்தார். அதை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, இல்லாத பந்தை எறிந்தார்.

"இப்படி."

"ஆமா சார்."

"அப்போ நான் சரியாத்தான் பாத்தேன்."

"ஆமா சார்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் உள்பக்கம் திரும்பி, "ஏம்மா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இவளாண்டயும் சொல்லுபா. ரெண்டு வருஷமா என்கூட அவளும்தான் முழிச்சிருக்கா."

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும் தம்பி?"

"அன்னிலேர்ந்தே தெரியும்மா."

அவர் குனிந்து, என் முன்னால் ஆடை படிந்திருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாபஸ் சார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, போலாம்."

"எங்க சார்?"

"ஓரிக்கைக்கு. அந்தப் பையன், கேப்டனா இருந்தானே, அவன் வீடு எனக்குத் தெரியும். கோப்பை அவங்களுது."

"இப்பவா சார்? டயம் தாண்டி ரெண்டு வருஷம் ஆயிடுச்சே. விதிப்படி..."

"விதி கெடக்குதுபா. ஏறு."

அவர் சைக்கிளை நான் மிதித்தேன், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரு தடவை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "எடது கைதான்" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. சரியாகிவிடும், ஜன்னலோர மேசை திரும்பக் கிடைத்துவிடும், நானே சங்கத்துக்குப் போய் மேனேஜரிடம் சொல்கிறேன் என்று மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே மிதித்தேன்.

ஓரிக்கையில் அந்த வீட்டு வாசலில் இறங்கினோம். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் சைக்கிளை வேப்ப மரத்தடியில் நிறுத்திப் பூட்டினார். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு நாலடி நடந்து வந்தார்.

பிறகு திரும்பிப் போய், இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.